இரண்டு வாளி நல்ல தண்ணீர்

அன்புள்ள மகன் செபஸ்தியானுக்கு,

உன் அப்பாவின் கல்லறையை விட்டு வர மனமில்லாமல்தான் நான் இந்தத் தீவிலேயே கிடக்கிறேன் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து படியிறங்கும்போது இரண்டு பெண்கள் என் காதுபடவே சொன்னார்கள். ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதலில் இதைத் திருத்திவிடுகிறேன். கல்லறைக்கு நான் வருடத்தில் இரண்டு முறைதான் போகிறேன். போனாலும் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. புல்லைப் பிடுங்குகிறேன், ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன், திரும்பிவிடுகிறேன். அங்கே அவரோடு பேசிக்கொண்டிருப்பதாகச் சொல்வதெல்லாம் கட்டுக்கதை. அவரோடு பேச வேண்டியதை அவர் உயிரோடு இருந்த கடைசிப் பத்து வருடத்தில் பேசாதவள் நான். கல்லோடு பேசி என்ன ஆகப் போகிறது?

நீ நான்கு முறை கூப்பிட்டும் நான் வராததற்குக் காரணம் வேறு. உன் அப்பா செய்ததாக நீ இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கும் ஒரு பிழை அவருடையது அல்ல, அது என்னுடையது. இதைச் சொல்லாமல் உன் வீட்டுக்கு வந்து உன் மனைவி வைக்கும் சோற்றை என்னால் சாப்பிட முடியாது. சொல்லிவிட்டால் நீ வரச் சொல்வாயா என்று தெரியாது. பதினான்கு வருடமாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறேன். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, இடது கண்ணிலும் தொடங்கிவிட்டது. என் கையாலேயே எழுத முடிகிற வரையில் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இதை ஒட்டிய உறையில் உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் உன் அப்பாவின் பெயர் இந்தத் தீவின் அபர்டீன் பஜாரில் எல்லாரும் கேட்கத்தான் கெட்டது. அதனால் இங்குள்ள தமிழர்கள் மாதம் ஒருமுறை கையால் எழுதிச் சுற்றுக்கு விடுகிற பத்திரிகைக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். நீ இதை வாசிக்கும்போது ஊரும் வாசித்துக்கொண்டிருக்கும்.

உன்னுடைய போன கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். சென்னையில் ஒரு பயிற்சிக்கூடத்தில் அலுமினியம் வெல்டிங் சொல்லித்தர உன்னை வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். சந்தோஷப்பட்டேன். ஆர்கான் வாயு ஓடுவதால் காற்று உலோகத்தைத் தொடாது, பழைய காலம்போல் பொடி தடவ வேண்டியதில்லை, மின்சாரம் முன்னும் பின்னுமாக மாறி ஓடும்போது அலுமினியத்தின் மேல் தோல்போல் படிந்திருப்பது தானே கிழிந்துவிடும் என்றெல்லாம் விளக்கியிருந்தாய். புரிந்தது. அதற்கு அடுத்த பத்தியில்தான் அந்த வரிகள் இருந்தன. முதல் நாள் வகுப்பிலேயே பையன்களிடம் ஒரு கதை சொல்வதாக எழுதியிருந்தாய்: "எங்கள் தீவில் ஒரு மிஸ்திரி இருந்தார். டீசல் டாங்கியை ஒட்டினார், கழுவாமல் விட்டார், ஒரு மனிதனின் கால் போயிற்று." அவர் யார் என்று சொல்வதில்லை என்றும் எழுதியிருந்தாய். பெயரை மறைத்தது மரியாதை என்று நினைத்திருப்பாய். ஆனால் கதையே தப்பு, மகனே. அந்த மிஸ்திரி கழுவினார். மூன்று முறை கழுவினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

உனக்குத் தெரிந்ததும் தெரியாததுமாக முதலிலிருந்து சொல்கிறேன். தூத்துக்குடியில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்து, அங்கேயே டீச்சராக இருந்தவள் நான். முப்பது வயதில் கல்யாணம். அந்தக் காலத்தில் அது கிழவிக்கான வயது. துறைமுகப் பட்டறையில் இரும்பு ஒட்டுகிற ஒருவருக்கு என்னைக் கொடுத்தபோது என் சித்தி, "இங்கிலீஷ் படிச்சவளுக்கு இந்தக் கரிக்கையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். அதைக் கேட்டுக்கொண்டே உன் அப்பா சிரித்தார். அன்றிலிருந்து கடைசி வரை என்னை அவர் டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டார். கேலியாகத் தொடங்கியது, பிறகு பெயராகவே ஆகிவிட்டது. உனக்கு ஏழு வயதில் கப்பலேறி இங்கே வந்தோம். தீவில் கை வேலை தெரிந்தவனுக்கு வீடு கிடைக்கும், மரியாதை கிடைக்கும் என்றார்கள். மின்னி பே என்கிற இடத்தில் கடலைப் பார்த்த இரண்டு அறையும் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையும் கிடைத்தன. கொட்டகையில் பட்டறை போட்டார்.

அலுமினியம் அவருக்கு வராது. இங்கே வந்த புதிதில் யார் எந்தப் பாத்திரத்தைக் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்பினார். இரும்பு சூடேறினால் சிவக்கும். எவ்வளவு சூடு என்று கண்ணே சொல்லிவிடும். அலுமினியம் கடைசி நொடி வரை ஒன்றும் காட்டாது. வெள்ளையாக இருக்கும்போதே பொத்தென்று ஓட்டை விழுந்துவிடும். என் சாம்பார் குண்டா இரண்டும் அப்படித்தான் போயின. பிறகு மெயின்லாண்டிலிருந்து அதற்கென்றே உள்ள ஒட்டுப் பொடி வரவழைத்தார். அந்த ஜாடியோடு ஆங்கிலத்தில் ஒரு சிறு புத்தகம் வந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் நான் வாசித்தேன். ஒரு வரி வாசிப்பேன், தமிழில் சொல்வேன், அவர் மறுநாள் செய்து பார்ப்பார், சரியாக வராவிட்டால் அதே வரியை மறுபடி வாசிக்கச் சொல்வார். உன் அப்பாவின் கைக்கு என் வாய் வழியாகத்தான் அந்த வித்தை போயிற்று. இதில் எனக்கு இருந்த கர்வத்தை மறைக்கமாட்டேன். "என் வீட்டுக்காரருக்கு நான்தான் வாத்தியார்" என்று நான்கு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அவர் பழகிய முறை உனக்கும் தெரியும். அவரிடம்தானே நீயும் பழகினாய். ஒட்ட வேண்டிய விளிம்பை அதற்கென்றே வைத்த கம்பிப் பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்க்க வேண்டும். இரும்பைத் தேய்த்த பிரஷ் அதன்மேல் படக்கூடாது. பொடியைச் சொட்டுத் தண்ணீரில் விபூதிபோல் குழைத்து விளிம்பிலும் கம்பியிலும் தடவ வேண்டும். கம்பி வேறெங்கும் தேட வேண்டாம், அதே தகட்டில் ஒரு கீற்று வெட்டிக்கொள்ளலாம். ஒட்டும் இடத்துக்குப் பக்கத்தில் சலவைச் சோப்பால் ஒரு கோடு இழுத்துவிட்டுச் சூடு காட்டினால், உலோகம் சொல்லாததைச் சோப்பு சொல்லும். கோடு பழுத்துக் கறுத்தால் தயார். பொடி முதலில் பொரியும், பிறகு கண்ணாடிபோல் தெளிந்து ஓடும், அப்போது கம்பியை வைக்க வேண்டும். போகப்போக கை வேகமாக வேண்டும், ஏனென்றால் கடைசி அங்குலத்துக்கு வரும்போது தகடு முழுதும் சூடாகிக் காத்துக்கொண்டிருக்கும். நீலக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் அந்தக் கடைசி அங்குலத்தை முடிக்கும்போது மூச்சு விடமாட்டார். நானும் விடமாட்டேன்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்தான் கழுவுவது பற்றி இருந்தது. ஒட்டு ஆறியவுடன் சூடான நல்ல தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், தங்கிய பொடி காற்றின் ஈரத்தைக் குடித்து உலோகத்தை அரித்துவிடும் என்று வாசித்தேன். உப்புத் தண்ணீர் ஆகவே ஆகாது என்று தனியாக ஒரு வரி இருந்தது. அதையும் வாசித்தேன். உன் அப்பா கேட்டார், "நல்ல தண்ணின்னா, நாம குடிக்கிற தண்ணியா டீச்சரம்மா?" ஆமாம் என்றேன். "சரியாப் போச்சு. நம்ம ரெண்டு பேருக்கும் பைப்புல சொட்டுது, இதுல டாங்கிக்கும் அண்டாவுக்கும் தாகமா?" என்று சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து தவறாமல் அப்படியே செய்தார். எனக்குத் தெரியாதென்று நான் சொல்ல முடியாது என்பதற்காக இதை எழுதுகிறேன். அந்த வரியை இந்த வீட்டில் முதலில் வாசித்தவள் நான்.

இப்போது அந்தப் புதன்கிழமை. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம். உனக்கு அப்போது இருபது வயது. அந்த வாரம் நீ அக்கரையில் பாம்பூபிளாட்டில் இரும்பு கேட் செய்கிற வேலைக்குப் போயிருந்தாய். இரண்டு மாதமாக மழை இல்லை. தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும், சண்டை போட்டுப் பிடிக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் இருந்த கிணறு கடலுக்குப் பக்கம் என்பதால் உப்புக் கரிக்கும். காடு வெட்டுகிற முகாம்களுக்கு அரிசி ஏற்றிப்போகிற ஒரு கான்ட்ராக்டரின் லாஞ்சுப் படகிலிருந்து அலுமினிய டீசல் டாங்கி வந்திருந்தது, அடித்தையலில் ஒரு சாண் விரிசல். லாஞ்சை ஓட்டுகிற கொகன் அதைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். கிழக்கு வங்காளத்திலிருந்து குடியேறியவன், உன்னைவிட நான்கைந்து வயது மூத்தவன். "மிஸ்திரி, சனிக்கிழமைக்குள்ள வேணும். இல்லாட்டி சேட்டு என்னை வெல்டிங் பண்ணிடுவான்" என்றான். உன் அப்பா டாங்கியைச் சலவைச் சோடா கரைத்த சுடுநீரில் டீசல் வாசனை போகும் வரை ஊற்றி ஊற்றிக் கழுவினார். அதற்குக் கிணற்றுத் தண்ணீர் போதும் என்று அவரே சொன்னார். "கடைசிக் கழுவலுக்கு மட்டும் ரெண்டு வாளி பைப்புத் தண்ணி எடுத்து வச்சிருக்கேன், தொட்டுராதீங்க" என்று மூடி வைத்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தார்.

அந்த வருடம்தான் முதன்முறையாகக் கோவில் பீடத்தில் விரிக்கிற துணிகளை வெளுக்கிற பொறுப்பு எனக்குக் கிடைத்திருந்தது. அதற்கு முன்னால் ஒரு அதிகாரியின் மனைவி செய்து வந்தாள். அவர்கள் மாற்றலாகிப் போனார்கள். "டீச்சர்கிட்டக் குடுங்க, அவங்க கைதான் சுத்தம்" என்று பங்குச் சாமியார் எல்லார் முன்னாலும் சொன்னார். பதின்மூன்று வருடமாக இந்தத் தீவில் நான் ஒரு வெல்டரின் மனைவி. அன்றைக்குத்தான் மறுபடி நான் படித்தவளாக இருந்தேன். பெரிய வியாழனுக்குத் துணிகள் வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. வெள்ளைத் துணியில் பழுப்பு விழும். செவ்வாய் வர வேண்டிய குழாய்த் தண்ணீர் வரவில்லை. அந்த இரண்டு வாளியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று நினைவில்லை. அதிகம் நின்றிருக்கமாட்டேன். எடுத்தேன். துணிகளை அலசினேன், கஞ்சி போட்டேன். பிறகு கிணற்றிலிருந்து இரண்டு வாளி இறைத்து அடுப்பில் ஏற்றினேன்.

அவர் கொட்டகையிலிருந்து குரல் கொடுத்தார். "டீச்சரம்மா, தண்ணி காஞ்சிட்டா?"

"காஞ்சிட்டு."

வாளிகளை அவரே வந்து தூக்கினார். ஆவி முகத்தில் அடிக்கக் குனிந்தபடி கேட்டார். "நல்ல தண்ணிதானே?"

"பின்னே, சாக்கடைத் தண்ணியா வைப்பேன்?" என்றேன்.

சிரித்துக்கொண்டே எடுத்துப் போனார். டாங்கியின் வாய்க்குள் கையை முழங்கை வரை விட்டு, உள்தையலைத் தேய்த்துத் தேய்த்து, மூன்று முறை கழுவிக் கவிழ்த்து வைத்தார். நான் கொடியில் துணியை உதறிப் போட்டுக்கொண்டே பார்த்தேன். நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை போதும். அப்போது சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பார், அவ்வளவுதான். மறுநாள் தண்ணீர் வந்ததும் இன்னொரு முறை கழுவிக் கொடுத்திருப்பார். வியாழக்கிழமைப் பூசையில் பீடத்துணி பனிபோல் இருந்தது. நாலைந்து பேர் என்னிடம் வந்து சொன்னார்கள். அதை நான் ரசித்தேன். அதையும் எழுதுகிறேன்.

டாங்கி மூன்று மாதம் தாங்கியது. மழைக்காலம் பிடித்த பிறகு ஒருநாள் லாஞ்சு வடக்கே போகும்போது தையல் விட்டு, டீசல் முழுதும் அடியில் இறங்கி, என்ஜின் நின்றுவிட்டது. அலை பாறைப் பக்கம் தள்ளியது. கொகன் லாஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து பாறையைக் காலால் உந்தித் தள்ளப் பார்த்திருக்கிறான். அடுத்த அலையில் பாறைக்கும் லாஞ்சுக்கும் நடுவில் கால் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கான்ட்ராக்டர் டாங்கியைக் கொண்டுவந்து நம் வாசலில் போட்ட நாள் உனக்கு நினைவிருக்கும். நீ பக்கத்தில்தான் நின்றாய். தெருவே கூடிவிட்டது. "என்னய்யா மிஸ்திரி, கிளாஸை ஊத்திட்டு டார்ச்சைப் பிடிச்சியா?" என்று கத்தினார். உன் அப்பா பெரிய வாரத்தில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அதை அங்கே நின்ற நான் சொல்லியிருக்கலாம். அவர் உட்கார்ந்து தையலின்மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். ஈரச் சுண்ணாம்புபோல் வெள்ளையாக உதிர்ந்தது. அதன் கீழே உலோகம் நமுத்த பிஸ்கட்டாக நொறுங்கியது. பிறகு எழுந்து அடுக்களைக்குள் வந்தார். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றேன். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"அன்னைக்கி எந்தத் தண்ணி?"

"பைப்புத் தண்ணி" என்றேன். இது இரண்டாவது பொய்.

"அப்பம் என் கைதான் பிசகிட்டு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கான்ட்ராக்டரிடம், "ஆமா முதலாளி, என் பிழைதான். அவசரத்துல சரியாக் கழுவல" என்றார். கூட்டத்தில் ஒருவர்கூட அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. நீதான் பேசினாய். நீ சொன்னதை மறந்திருக்கமாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன். "அம்மா வரி வரியா படிச்சுக் குடுத்தாங்கல்லா? அதைக்கூட ஒழுங்கா செய்யத் துப்பு இல்லையா உமக்கு?" என் பக்கம் நின்றுதான் நீ அப்பாவைப் பேசினாய். அந்த வார்த்தை அவர்மேல் விழும்போது நான் அடுக்களை வாசலில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அடுத்த கப்பலில் நீ போய்விட்டாய். சாத்தம் ஜெட்டிக்கு நான் வந்தேன், உன் கையில் வடைப் பொட்டலம் கொடுத்தேன். அப்பா வரவில்லை என்று நீ நினைத்தாய். வந்திருந்தார். அறுத்த மரங்களை அடுக்கி வைத்த இடத்துக்குப் பின்னால், கப்பல் திரும்பும் வரை நின்றார். எனக்கும் அது வீட்டுக்குத் திரும்பும்போதுதான் தெரியும். சாத்தம் பாலத்தில் எனக்கு முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தார்.

அவருக்கு உண்மை தெரிந்துவிட்டதா என்று நீ கேட்பாய். அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் அதன்பிறகு பேசவில்லை. ஆனால் அந்த நாளிலிருந்து என்னிடம் தண்ணீர் கேட்பதை நிறுத்திவிட்டார். வெல்டிங் வாயு எடுக்கிற கார்பைடு டிரம்முக்கு வேண்டிய தண்ணீரைத் தானே குழாயடியில் வரிசையில் நின்று பிடித்து வந்தார். குளிக்கத் தானே இறைத்துக்கொண்டார். சோறு நான் போட்டேன், சாப்பிட்டார். குடிக்கிற தண்ணீரை மட்டும் எழுந்துபோய்ப் பானையிலிருந்து தானே மொண்டு குடித்தார். பத்து வருடம். காய்ச்சலில் படுத்திருந்த கடைசி வாரத்தில், எழ முடியாதபோது, செம்பை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். குடித்தார். "போதும் டீச்சரம்மா" என்றார். என்னை அவர் கடைசியாகக் கூப்பிட்டது அதுதான். இதற்கு என்ன அர்த்தம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை. தாகத்தில் இருந்த மனிதர் தண்ணீர் குடித்தார், அவ்வளவுதான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு யாரும் அலுமினியம் கொண்டுவரவில்லை. கட்டில் கால், ஜன்னல் கம்பி, மண்வெட்டி என்றுதான் காலம் போயிற்று. ஒரே ஒரு அலுமினிய வேலை செய்தார். கொகனுக்கு ஊன்றுகோல். லேசாக இருக்க வேண்டும் என்று எங்கிருந்தோ குழாய் வாங்கி வந்து, நான்கு நாள் எடுத்து ஒட்டினார். கழுவினார், காயவைத்தார், மறுபடி கழுவினார். ஊரே குடத்தோடு குழாயடியில் நிற்கும்போது ஒரு ஊன்றுகோலுக்கு ஆறு வாளி. பக்கத்து வீட்டுக்காரி, "மிஸ்திரிக்கு மண்டை கலங்கிட்டு" என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தபோது கொகன் அதை மேலும் கீழும் பார்த்து, "இது எத்தனை மாசம் மிஸ்திரி?" என்று கேட்டானாம். இதை உன் அப்பாவே வந்து என்னிடம் சொன்னார்.

நான் பாவசங்கீர்த்தனம் செய்தேனா என்று கேட்டால், செய்தேன். "இரண்டு முறை பொய் சொன்னேன்" என்றேன். யாரிடம், எதற்காக என்று சாமியார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று மடத்துப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தப் பாடத்தை நான் நன்றாகவே கற்றிருந்தேன்.

கொகன் இப்போது அபர்டீன் பஜாரில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பான் கடை வைத்திருக்கிறான். அந்த ஊன்றுகோல் இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. இந்த ஊரில் எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும், திரும்பித்தான் ஆக வேண்டும். காய்கறிக்குப் போனாலும் தபாலாபீஸுக்குப் போனாலும் அவன் கடையைத் தாண்டாமல் முடியாது. ஒவ்வொரு முறையும், "நமஸ்தே பாபி, மகன் சௌக்கியமா?" என்று அண்ணி முறை வைத்துக் கேட்பான். சௌக்கியம் என்பேன். இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன்னால், போன வியாழக்கிழமை, கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போய் அவனிடம் சொன்னேன். முழுதும் சொன்னேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டான், பிறகு கையை நிறுத்திவிட்டான்.

"பாபி, நான் இத்தனை வருஷம் மிஸ்திரியைத் திட்டினேன். இந்தப் பஜார்ல எல்லாருக்கும் சொன்னேன், சராபி மிஸ்திரி, குடிகார மிஸ்திரின்னு. அவர் வந்து நிப்பார், கேட்டுட்டு நிப்பார். இப்ப அவர் இல்ல. நான் சொன்னதை எல்லாம் யார்கிட்டப் போய் வாபஸ் வாங்கறது? நீங்க சொல்லுங்க."

"மாஃப் கரோ" என்று நான் மன்னிப்புக் கேட்டதை அவன் காதில் வாங்கவில்லை. "கால் போச்சு, அது கடல். ஆனா இது நீங்க பண்ணது" என்றான். இரண்டு பேர் பான் கேட்டு வந்தார்கள், அவர்களிடம் திரும்பிக்கொண்டான். நேற்று அந்த வழியாகப் போனேன். நமஸ்தே சொல்லவில்லை. அவன் செய்தது சரி.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று யோசித்தேன். இருந்தாலும் இல்லாவிட்டாலும் உன் அம்மா என்பதால் ஒன்றிரண்டு சொல்கிறேன். உன் பையன்களிடம், வேலை சரியாக இருக்கிறதா என்று தன் கையால் தொட்டுப் பார்க்கச் சொல். வீட்டார் சொன்னார்கள், கூட்டாளி சொன்னான், படித்தவர் சொன்னார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீரை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்திருந்தால் உன் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். என்னைச் சந்தேகப்படுவது அவமரியாதை என்று நினைத்து அவர் அதைச் செய்யவில்லை. இன்னொன்று: பார்க்க அழகாக இருக்கிற ஒட்டைக் கண்டு ஏமாற வேண்டாம். அந்தத் தையல் மீன் செதில்போல் வரிசையாக, அவர் போட்டதிலேயே அழகானதாக இருந்தது. அரிப்பு உள்பக்கம் இருந்தது. உன்னுடைய ஆர்கானில் பொடி இல்லை என்கிறாய், அதனால் கழுவ வேண்டியதும் இல்லை. நல்லதுதான். ஆனால் பிழையை மனிதர் செய்வது எந்த வாயு வந்தாலும் நிற்காது.

உன்மேல் எனக்குக் கோபம் உண்டா? அப்பா இறந்தபோது உன்னிடமிருந்து தந்தி மட்டும் வந்தது. கப்பல் இல்லாத வாரம் அது, உன்னால் வந்திருக்க முடியாது. ஆனால் கப்பல் இருந்திருந்தாலும் வந்திருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும், அதற்கு நான் உன்னைக் குற்றம் சொல்ல முடியாது. நான் கொடுத்த பொய்யை வைத்துக்கொண்டு நீ ஒரு நேர்மையான மகனாக நடந்துகொண்டாய். உன் அப்பா தன் வாயால் உன்னிடம் சொல்லியிருக்கலாம். என் பெயரைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. என் பெயரைக் காப்பாற்ற அவர் உன்னை இழந்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு பெரிய வாரமும் பீடத்துணி வெளுத்துக்கொண்டிருந்தேன். இந்த வருடம் அதை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். கண் தெரியவில்லை என்று காரணம் சொன்னேன். அதுவும் முழு உண்மை இல்லை.

இப்போது நான் கேட்பது இதுதான். உன் வகுப்பில் அந்தக் கதையைச் சொல்வதை நிறுத்த வேண்டாம், திருத்திச் சொல். மிஸ்திரி கழுவினார், அவர் மனைவி தண்ணீரை மாற்றினாள், கேட்டபோது பொய் சொன்னாள் என்று சொல். அவர் பெயர் சவரிமுத்து, அவர் என் அப்பா என்றும் சொல். என்னை உன் வீட்டில் வைத்துக்கொள்ள இன்னும் மனம் இருக்கிறதா என்பதை இன்றே முடிவு செய்ய வேண்டாம், நன்றாக யோசி. இல்லை என்றால் நான் இங்கேயே இருப்பேன். கண் போனாலும் இந்த வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆமாம் என்றால், பரிதாபப்பட்டு ஆமாம் என்று சொல்லாதே.

எதுவானாலும் எனக்குப் பதில் எழுது. தந்தி வேண்டாம், இங்கே வருகிறவர்களிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். உன் கையால், கொஞ்சம் பெரிய எழுத்தாக, கடிதமாக எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா